பினாங்கு, லங்காவி, புக்கெட்: கப்பல் டூரா, நாமே இறங்கிச் சுற்றுவதா?

சிங்கப்பூரில் இருக்கும் நம் ஆட்களுக்கு, ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் குரூஸ் கூட்டிப் போவது இப்போது கிட்டத்தட்ட வழக்கமாகிவிட்டது. மரினா பே குரூஸ் சென்டரில் ஏறி, மூன்று நான்கு ராத்திரியில் மலேசியாவின் பினாங்கு, லங்காவி, தாய்லாந்தின் புக்கெட் என்று இரண்டு மூன்று தீவுகளைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். டிக்கெட் போட்டு முடித்த கையோடு ஒவ்வொரு ஊரிலும் இறக்கிச் சுற்றிக்காட்டும் டூர்களின் பட்டியல் கப்பல் கம்பெனியிலிருந்து வரும், விலையைப் பார்த்ததும் எல்லாரும் கேட்கிற கேள்விதான் இது: "இவ்வளவு கொடுத்து அவர்களோடு போகணுமா, நாமே இறங்கிப் பார்த்துக்கொள்ளலாமா? அம்மாவுக்கு வேற முட்டி வலி."

இந்த வழியில் நான் மூன்று முறை போயிருக்கிறேன். முதலில் நண்பர்களோடு, அப்புறம் மனைவி பிள்ளைகளோடு, கடைசியாக அம்மா அப்பாவையும் சேர்த்து ஆறு பேர். கப்பல் டூரும் எடுத்திருக்கிறேன், தனியாகவும் சுற்றியிருக்கிறேன், அங்கேயே வண்டி பேசியும் போயிருக்கிறேன். இத்தனைக்கும் பிறகு எனக்குத் தெளிவாகத் தெரிவது, முழுப் பயணத்துக்கும் சேர்த்து ஒரே முடிவு எடுக்கக் கூடாது என்பதுதான். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தனித்தனியாக முடிவு செய்யுங்கள். பினாங்கில் கப்பல் டூர் எடுப்பது வீண் செலவு, ஆனால் புக்கெட்டில் இறங்கி, இன்னொரு படகில் போக வேண்டிய பீபீ தீவுக்குச் சொந்தமாகப் போய்வரப் பார்ப்பது பெரிய ஆபத்து.

முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

முதல் விஷயம், கப்பல் துறையில் கட்டுகிறதா, கடலில் நங்கூரம் போட்டு நிற்கிறதா என்பது. துறையில் கட்டினால் இறங்கி நடந்துவிடலாம். கடலில் நின்றால் சின்னப் படகில் பத்து இருபது நிமிடம் கரைக்குப் போகணும், அதற்கு வரிசை உண்டு. டூர் எடுத்தவர்களை முதல் படகுகளில் அனுப்பிவிட்டுத்தான் மற்றவர்களுக்கு எண் கூப்பிடுவார்கள்.

அடுத்து, நீங்கள் பார்க்க நினைக்கிற இடம் நடக்கிற தூரத்தில் இருக்கிறதா, வண்டியில் போகிற தூரமா, இல்லை இன்னொரு கடல் பயணமா. என்னைப் பொறுத்தவரை முடிவில் பாதி இதிலேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது, கையில் உண்மையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது. அட்டவணையில் காலை 8 முதல் மாலை 5 வரை என்று போட்டிருந்தால் ஒன்பது மணி நேரம் இருக்கிறதென்று நினைத்துவிடாதீர்கள். கப்பல் நின்று, குடிநுழைவுச் சோதனை முடிந்து, ஆட்கள் இறங்கவே ஒரு மணி நேரம் ஓடிவிடும். திரும்ப ஏற வேண்டிய கடைசி நேரம், கப்பல் கிளம்புவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி வரை முன்னால் இருக்கும். அதற்கும் ஒரு மணி நேரம் முன்னதாகத் துறைமுகத்துக்கு வந்துவிட வேண்டும் என்று நீங்களே ஒரு கெடு வைத்துக்கொள்ள வேண்டும். ஆக மிஞ்சுவது ஆறு மணி நேரம்தான்.

அப்புறம் கூட வருவது யார், எத்தனை பேர். கப்பல் டூரில் தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. வெளியே வண்டி பேசினால் வண்டிக்கு இவ்வளவு. ஒரு டூர் தலைக்கு 80 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொண்டால் ஒருவருக்கு அது பெரிதாகத் தெரியாது, ஆறு பேருக்கு 480 ஆகிவிடும். இரண்டு பேராகப் போனால் வித்தியாசம் சில சமயம் அவ்வளவு இருக்காது, குடும்பமாகப் போகும்போதுதான் உறைக்கும்.

மூன்று வழிகளும் பக்கத்தில் பக்கத்தில்

| | கப்பல் டூர் | நாமே சுற்றுவது | உள்ளூர் வண்டி, ஓட்டுநரோடு |
|---|---|---|---|
| செலவு | தலைக்கு இவ்வளவு | செய்கிற அளவுக்கு | வண்டிக்கு இவ்வளவு |
| தாமதமானால் | பொறுப்பு கப்பலுடையது | நம் பொறுப்பு | நம் பொறுப்பு |
| கப்பல் அந்த ஊரில் நிற்காமல் போனால் | பணம் திரும்பி வரும் | இழப்பு இல்லை | முன்பணம் போகலாம் |
| படகில் இறங்கும் இடத்தில் | முதல் படகுகளில் இடம் | எண் வரும்வரை காத்திருக்கணும் | எண் வரும்வரை காத்திருக்கணும், வண்டி கரையில் நிற்கும் |
| முட்டி வலிக்காரர்களுக்கு | கூட்டத்தோடு நடக்கணும் | நினைத்த இடத்தில் உட்காரலாம் | இதுதான் சுகம் |
| சாப்பாடு | அவர்கள் நிறுத்துகிற இடத்தில் | நம் விருப்பம் | கேட்டால் நிறுத்துவார் |

"தாமதமானால்" என்கிற வரிக்குத்தான் கப்பல் டூரில் நாம் காசு கொடுக்கிறோம். அவர்கள் ஏற்பாடு செய்த பேருந்து போக்குவரத்தில் மாட்டிக்கொண்டால் கப்பல் காத்திருக்கும். காத்திருக்க முடியாத நிலை வந்தாலும் உங்களை அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் வேலை. சொந்தமாகப் போனவர் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தாலும் கப்பல் கிளம்பிவிடும்.

பினாங்கு: யோசிக்கவே வேண்டாம், நாமே

ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனின் வாசலிலேயே இருக்கிறது. வெளியே வந்ததும் எதிரில் விக்டோரியா ராணி மணிக்கூண்டு. ராணி ஆட்சிக்கு வந்து 60 ஆண்டு நிறைந்ததற்காக, ஆண்டுக்கு ஒரு அடி என்று 60 அடி உயரத்தில் கட்டியது. பக்கத்திலேயே கார்ன்வாலிஸ் கோட்டை. அங்கிருந்து மெதுவாக நடந்தாலும் கால் மணி நேரத்துக்குள் லிட்டில் இந்தியா வந்துவிடும். 2008ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பழைய நகரம் மொத்தமும் இந்தச் சுற்றுவட்டாரம்தான். கப்பல் டூர்ப் பேருந்து உங்களை ஏற்றி, இதே தெருக்களின் முனையில் இறக்கி, கொடி பிடித்தவர் பின்னால் நடக்கவைத்துத் திரும்ப ஏற்றும். அதற்கு எதற்குக் காசு?

குவீன் ஸ்ட்ரீட்டில் 1833ல் கட்டிய ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. கடைசி முறை கப்பலில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நேராக அங்கேதான் போனோம். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் கோயிலை முதலில் வைத்துக்கொள்வது நல்லது. கோயிலுக்கு முன்னால் பூக்கட்டிக்கொண்டிருந்த அக்கா அம்மாவைப் பார்த்ததும் "வாங்கம்மா, எந்த ஊரு?" என்று கேட்டு, ஒரு பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டார். அவருடைய பாட்டி நாகப்பட்டினத்திலிருந்து வந்தவராம். அம்மா அந்த முக்காலியிலேயே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கப்பலில் பார்த்த எதையும்விட அம்மா ஊரில் போய்ச் சொல்லிக்கொண்டிருப்பது அந்த முக்கால் மணி நேரத்தைத்தான். டூரில் போயிருந்தால் கோயிலுக்கு மொத்தமே பத்து நிமிடம் கொடுத்திருப்பார்கள்.

அதே வட்டத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இருக்கிறது. நம் கரையிலிருந்து வணிகம் செய்யப் போன முஸ்லிம்கள் 1800களின் தொடக்கத்தில் எழுப்பியது. அதே தெருவில் சீனர்களின் குவான் யின் கோயில், 1818ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். எல்லாமே நடக்கிற தூரம். ஆர்மேனியன் ஸ்ட்ரீட் சுவரோவியங்களைப் பிள்ளைகள் விடமாட்டார்கள். மதியத்துக்கு நாசி கண்டார் சாப்பிடுங்கள். தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடி போலத் தூக்கிவந்து விற்ற சோறும் கறியும்தான் அது, அந்தத் தோள்தடிக்குத்தான் கண்டார் என்று பேர். சைவம் சாப்பிடுபவர்களுக்கு லிட்டில் இந்தியாவிலேயே வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும்.

வெயிலை மட்டும் குறைத்து எடைபோடாதீர்கள். பதினொரு மணிக்கு மேல் ஈரப்புழுக்கத்தில் பெரியவர்கள் சோர்ந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் ஆப்பில் கூப்பிடும் கிராப் வண்டி போட்டு பினாங்கு மலைக்கோ தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கோ போகலாம். தண்ணீர்மலையில் 513 படி, முட்டி வலி உள்ளவர்களுக்குச் சரிப்படாது. பினாங்கு மலைமேல் ஏறும் ரயிலுக்கு 204ஆம் எண் பேருந்தும் இருக்கிறது, பொறுமை இருந்தால் மலிவு. ஆனால் சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை நாட்களில் மலை ரயிலுக்கு நிற்கும் வரிசை உங்கள் ஆறு மணி நேரத்தில் இரண்டைச் சாப்பிட்டுவிடும். அன்றைக்கு மலையை விட்டுவிடுங்கள்.

பினாங்கில் கப்பல் டூர் சரிப்படுவது ஒரே ஒரு சூழ்நிலையில்தான்: சக்கர நாற்காலியில் வருபவர்களுக்காகத் தனி வண்டி வைத்துக் கப்பலே டூர் நடத்தினால். பழைய ஜார்ஜ் டவுனில் கடைகளுக்கு முன்னால் இருக்கும் ஐந்தடிப் பாதைகளில் மேடும் பள்ளமும் அதிகம், கடைக்குக் கடை உயரம் மாறும்.

லங்காவி: வண்டி பேசுங்கள்

இங்கே கதை வேறு. கப்பல் நிற்கும் துறை தீவின் தென்மேற்கில், தஞ்சோங் மாலியில் இருக்கிறது. வாசலுக்கு வெளியே நடந்து பார்க்க ஒன்றும் இல்லை. குவா நகரமும் கழுகுச் சதுக்கமும் ஒரு பக்கம், கேபிள் கார் இன்னொரு பக்கம், சதுப்புநிலப் படகுச் சவாரி நடக்கும் கிலிம் வடகிழக்கில். தீவைச் சுற்றிவரப் பொதுப் பேருந்தை நம்ப முடியாது. அதனால் "இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம்" என்று இங்கே வந்தால் கடைசியில் செனாங் கடற்கரையோடு முடிந்துவிடும். அது ஒன்றும் மோசமில்லை, பிள்ளைகள் மணலில் விளையாடினால் போதும் என்பவர்களுக்கு வண்டியில் பத்துப் பதினைந்து நிமிடம்தான்.

நாங்கள் ஆறு பேரும் ஓட்டுநரோடு ஒரு வேன் பேசினோம். விலையைப் பேசும்போது மூன்று விஷயத்தைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: எத்தனை மணி நேரம், காத்திருக்கும் நேரமும் அதில் சேர்த்தியா, திரும்பத் துறைமுக வாசல் வரை விடுவாரா. பணத்தைக் கடைசியில்தான் கொடுக்க வேண்டும். போகிற வழியிலேயே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் திரும்பும்போது வண்டி நிற்கிறதா என்று தேட வேண்டியிருக்கும்.

கேபிள் கார் மச்சின்சாங் மலைக்குப் போகிறது. உச்சியில் 125 மீட்டர் நீளத்துக்கு வளைந்து தொங்கும் பாலம். உண்மையிலேயே பார்க்க வேண்டிய இடம். ஆனால் காற்று பலமாக அடித்தால் நிறுத்திவிடுவார்கள், பராமரிப்புக்கும் மூடுவார்கள், பாலத்துக்கு டிக்கெட் தனி. லங்காவி கெடா மாநிலத்தில் இருப்பதால் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கும். கப்பல் டூரில் இதற்கு வருகிறவர்கள் நாற்பது பேரும் ஒன்றாக வரிசையில் நிற்பார்கள், ஒருவர் கழிவறை போய் வரும்வரை மற்ற எல்லாரும் நிற்க வேண்டும். வேன் பேசினால் கப்பல் பேருந்துகள் கிளம்புவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடலாம், நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

கிலிமில் படகுக்கு இவ்வளவு என்று வாடகை பேசுவார்கள், ஆறு பேர் சேர்ந்தால் நல்ல பேரம். சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவில் கழுகுகள் தண்ணீரைத் தொட்டு எழும்புவதை அப்பா ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே நாளில் கேபிள் காரும் கிலிமும் இரண்டும் வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள், தீவின் எதிரெதிர் மூலைகள்.

இரண்டே பேராகப் போகிறீர்கள், கேபிள் கார் மட்டும் போதும் என்றால் இங்கே கப்பல் டூர் பரவாயில்லை. வேன் செலவை இருவர் மட்டும் சுமக்கும்போது வித்தியாசம் சுருங்கிவிடும்.

புக்கெட்: எங்கே போகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது

கஷ்டமான முடிவு இதுதான். புக்கெட்டில் சில கப்பல்கள் தென்கிழக்கில் மக்காம் விரிகுடாவில் இருக்கும் ஆழ்கடல் துறையில் கட்டும், சில மேற்கே பட்டோங் கடற்கரைக்கு எதிரில் நங்கூரம் போட்டுப் படகில் இறக்கும். உங்கள் கப்பல் எங்கே நிற்கிறது என்பதை டிக்கெட் போட்டதுமே கேட்டுவிடுங்கள்.

பலருக்கும் ஆசை பீபீ தீவு. கணக்கைப் பாருங்கள். பட்டோங்கில் படகுக்குக் காத்திருந்து கரை ஏற ஒரு மணி. அதிவேகப் படகுகள் பெரும்பாலும் தீவின் கிழக்குக் கரையிலிருந்து கிளம்புகின்றன, மலைப்பாதை தாண்டி அங்கே போக முக்கால் மணியிலிருந்து ஒரு மணி. படகில் இன்னொரு மணி. திரும்பவும் அதே இரண்டு மணி. ஆக, ஐந்து மணி நேரம் போக்குவரத்துக்கே போய்விடுகிறது. நடுவில் கடல் கொந்தளித்தால், மழை வந்தால், படகு இயந்திரம் நின்றால் உங்களுக்காகக் கப்பல் நிற்காது. இப்படி இன்னொரு கடல் பயணம் இருக்கிற இடத்துக்கு நான் கப்பல் டூரைத்தான் சொல்வேன், விலை இரண்டு மடங்கானாலும் சரி. பாங்ஙா விரிகுடாவுக்கும் இதே பதில். பீபீயின் மாயா விரிகுடா 2018ல் மூடப்பட்டு 2022ல் திறந்தது, ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பரில் மூடிவிடுவார்கள். யாராவது அந்த மாதங்களில் அங்கே கூட்டிப்போகிறேன் என்றால் நம்பாதீர்கள்.

மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் முரடாக இருக்கும். 2018 ஜூலையில் புக்கெட் அருகே சுற்றுலாப் படகு ஒன்று மூழ்கி 47 பேர் இறந்தார்கள். அந்த மாதங்களில் பெரியவர்களையும் பிள்ளைகளையும் வேகப் படகில் ஏற்றுவதே வேண்டாம் என்பது என் கருத்து. பட்டோங் கடற்கரையில் சிவப்புக் கொடி இருந்தால் இடுப்பளவுத் தண்ணீரிலும் இறங்காதீர்கள்.

படகு வேண்டாம், தீவுக்குள்ளேயே பார்த்தால் போதும் என்றால் முடிவு மாறிவிடும். பழைய புக்கெட் நகரத்தில் தலாங் சாலையின் வண்ண வண்ணப் பழைய கட்டடங்கள், வாட் சலோங் பௌத்தக் கோயில் என்று ஒரு அரை நாளுக்கு வண்டி பேசிப் போகலாம். முதல் முறை போனபோது இதே இடங்களுக்கு ஒரு கப்பல் டூர் எடுத்தோம். ஆறு மணி நேரத்தில் ஒன்றே கால் மணி நேரத்தை ஒரு நகைக்கடையிலும் ஒரு முந்திரிக் கடையிலும் கழித்தோம், "கட்டாயம் வாங்க வேண்டியதில்லை" என்று சொன்னாலும் பேருந்து கிளம்பாது. டூரின் மறைமுகச் செலவு என்றால் எனக்கு இதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

வெளியே போனாலும் மறைமுகச் செலவு உண்டு. புக்கெட் டாக்ஸி விலை தாய்லாந்தின் மற்ற ஊர்களோடு பார்க்கும்போது ரொம்ப அதிகம். துறைமுக வாசலில் விலைப்பலகையோடு நிற்பவர்களிடம் பேரம் பேசலாம், குறையும், ஆனால் கொஞ்சம்தான். ஆப் வண்டிக்கு நாங்கள் வாசல் தாண்டி வெயிலில் நடக்க வேண்டியிருந்தது. ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்க வேண்டாம். மோட்டார் சைக்கிளுக்கான பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் இல்லாமல் விழுந்தால் பயணக் காப்பீடு கைகொடுக்காது, பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்கிற கடையும் உண்டு.

கப்பலைத் தவறவிட்டால்

இந்த வழியில் ஒரு ஆறுதல் உண்டு. பினாங்கிலிருந்தும் புக்கெட்டிலிருந்தும் சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது, இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். நடுக்கடல் தீவில் மாட்டிக்கொள்வது போல இல்லை. ஆனால் சில கப்பல்களில் பாஸ்போர்ட்டை அவர்களே வாங்கி வைத்துக்கொள்வார்கள், அப்போது அந்த ஊரில் கப்பல் கம்பெனியின் ஆளான துறைமுக முகவரைத் தேடிப் போக வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டில் வரும் பெற்றோருக்கு இன்னொன்று: கப்பலில் திரும்பினாலும் விமானத்தில் திரும்பினாலும் சிங்கப்பூருக்குள் மறுபடி நுழைவதாகத்தான் கணக்கு, அதனால் விசா பலமுறை நுழைவுக்கானதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். மலேசியா, தாய்லாந்து நுழைவு விதிகள் அடிக்கடி மாறுகின்றன, அதையும் அந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

தவறவிடுவதற்கு முக்கியக் காரணம் போக்குவரத்து என்று நினைப்போம். புக்கெட்டில் கடிகாரமும் ஒரு காரணம். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம், தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். கரையில் இறங்கியதும் கைபேசி தானாக மாறிவிடும். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடினால், உங்கள் கைபேசி மூன்றரை காட்டும்போது கப்பலில் நாலரை. நாலரைக்குள் ஏறிவிட வேண்டிய ஒரு நண்பர் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதென்று நினைத்து மசாஜுக்குப் போக இருந்தார், அவர் மனைவி கையில் பழைய கைக்கடிகாரம் இருந்ததால் கடைசிப் படகைப் பிடித்தார்கள். நேரத்தைக் கப்பல் மாற்றுகிறதா இல்லையா என்பது முந்தின இரவு அறைக்கு வரும் தாளிலோ கப்பலின் ஆப்பிலோ இருக்கும்.

அந்தத் தாளில் துறைமுக முகவரின் தொலைபேசி எண்ணும் இருக்கும். இறங்குவதற்கு முன்னால் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் நகல், ஒரு வங்கி அட்டை, அப்புறம் அம்மா அப்பாவின் பிரஷர், சர்க்கரை மாத்திரை ஒரு நாளைக்கு அதிகமாக. அறையில் வைத்துவிட்டு வர வேண்டாம், கைப்பையிலேயே இருக்கட்டும்.